ஆஸ்பத்திரி வாசலில் மண்மூட்டை

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பெரிசாக்கித் தாருங்கள் என்று யாராவது கடைக்குள் நுழைந்தால், எனக்கு இப்போதெல்லாம் முதலில் தலை வலிக்கிறது, அப்புறம்தான் 'வாங்க' என்ற சொல் வருகிறது. போர்டில் ஸ்டுடியோ என்றுதான் எழுதியிருக்கிறது. பிழைப்பு ஓடுவது பிரேம் போடுவதில். அதிலும் முக்கால்வாசி காலமானவர்களின் படம். பத்துக் கை மாறி, தேய்ந்து, நகத்தளவுக்கு வந்த படத்தைக் காட்டி, "நடுவீட்டுல மாட்டுத அளவுக்குப் போட்டுருங்க அண்ணாச்சி" என்பார்கள். மூக்குக்கும் வாய்க்கும் நடுவில் கட்டம் கட்டமாகத் தெரியுமே என்றால், "அதுக்குத்தான ஒங்ககிட்ட வந்தது" என்பார்கள்.

இறந்துபோன அப்பாவைச் சிரிக்க வைக்கச் சொன்ன ஒருத்தரிடம், உயிரோடு இருக்கையில் அவர் சிரித்தாரா என்று கேட்டேன். "இல்ல. இனிமேலாவது சிரிக்கட்டுமே" என்றார். இந்த மாதிரி பேச்சுக்காகவே நான் தொழிலை விடாமல் இருக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எனக்குத் தெரிந்த தமிழெல்லாம் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் கொடுத்தது. என் பொறுமையை வாங்கிக்கொண்டு போனவர்களும் அவர்கள்தான்.

ஆடித்தபசுத் திருவிழா முடிந்த வாரம், பக்கத்துத் தெருவில் ஜாக்கெட் தைக்கிற தங்கச்சி வந்தார். தங்கச்சி என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. என் வீட்டுக்காரிக்கு இருபது வருஷமாகத் தைத்துக் கொடுக்கிறவர். ஐம்பது தாண்டியிருக்கும். மகளுக்கு ஆவணியில் கல்யாணம். கையில் ஒரு மஞ்சள் பை, பைக்குள் ஒரு பழைய இன்லண்டு லெட்டர், செல்போனில் பதினோரு படம்.

"அண்ணே, இதுல எங்கப்பா இருக்காங்க. எடுத்துக் குடுங்க" என்றார்.

கதை இதுதான். அவருடைய அப்பா புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் வேலை பார்த்தவர். கூலி போதவில்லை என்று பம்பாய்க்கு ரயிலேறினார். அப்போது இந்தத் தங்கச்சி வயிற்றில். போன கொஞ்ச நாளில் பங்களாதேஷ் சண்டை வந்தது. 'சண்டைக்காக ஆஸ்பத்திரி வாசல்ல மண்மூட்டை வேலை, கூலி பரவாயில்ல, ஒருத்தர் வந்து எங்க செட்டு ஆளுகள போட்டோ பிடிச்சிட்டுப் போனாரு' என்று ஒரு கடிதம் வந்தது. அதுதான் கடைசிக் கடிதம். அப்புறம் காய்ச்சலில் போய்விட்டார் என்ற செய்தி. எரித்ததும் அங்கேயேதான். கோயிலில் வைத்துத் தாலி கட்டிக்கொண்ட கல்யாணம், போட்டோவுக்கெல்லாம் வழியில்லை. அம்மாவும் போய்ச் சேர்ந்தாச்சு. இவருக்கு அப்பா என்றால் அந்த நீலத் தாள்தான்.

இப்போது தாராவியில் இருக்கிற சொந்தக்காரர் ஒருத்தர், சண்டைக் காலத்துப் பம்பாய்ப் படங்களை ஒரு ஹாலில் மாட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய், ஒவ்வொன்றாகப் பிடித்து அனுப்பியிருக்கிறார். அதில் ஒன்று, ஆஸ்பத்திரி வாசலில் குண்டுக்குத் தடுப்பாக மண்மூட்டை அடுக்குகிற படம்.

"பத்திரிகைல அம்மா படம் போடுதோம். பக்கத்துல அப்பா படமும் வேணும்ணே. மொதப் பத்திரிகைய அவங்க ரெண்டு பேரு முன்னாலயும் வச்சுத்தான் மத்தவங்களுக்குக் குடுக்கணும். எம்மவளுக்குத் தாத்தான்னு ஒரு மூஞ்சி வேணும்லா. வெள்ளிக்கிழமைக்குள்ள பிரஸ்ஸுக்குக் குடுக்கணும்."

அன்று திங்கள்கிழமை.

பதினோரு படத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் எடுத்தவர் நல்ல கைக்காரர், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒருத்தர் நாக்கைக் கடித்துக்கொண்டு, வானத்திலிருந்து வெளிச்சம் தெரியாதபடி பஸ்ஸின் முகப்பு விளக்கில் மேல் பாதிக்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்கிறார். ஒரு பெண் ஸ்டூலில் ஏறி, உடைந்தாலும் சிதறாதபடி ஜன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாகக் காகிதம் ஒட்டுகிறார், கீழே ஸ்டூலைப் பிடித்திருப்பவர் வேறெங்கோ பார்க்கிறார். மைதானத்தில் பதுங்கு குழி. அதற்குள் ஒரு அதிகாரி இறங்கி நின்று ஆழம் பார்க்கிறார், அவர் இடுப்பு வரைக்கும்தான் குழி. சண்டை வருகிறது என்றால் ஊரே நடுங்கும் என்று நான் நினைத்திருந்தேன். இவர்கள் கோயில் கொடைக்குப் பந்தல் போடுகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். அலுப்பு, வெயில், சீக்கிரம் முடித்துவிட்டுச் சாப்பிடப் போகணும் என்கிற முகம். குண்டு விழுமோ விழாதோ, ஸ்டூல் ஆடாமல் இருந்தால் போதும்.

சரி, மண்மூட்டைப் படம். அதில் நாலு பேர். ஒருத்தர் மூட்டையைத் தோளுக்குத் தூக்குகிறார். ஒருத்தர் மண்வெட்டியோடு. மீசைக்காரர் ஒருத்தர் சாக்கின் வாயை விரித்துப் பிடித்திருக்கிறார். தொப்பி போட்ட ஒருத்தர் சும்மா நிற்கிறார். அனுப்பியவரின் திறமை என்னவென்றால், கண்ணாடிச் சட்டத்துக்கு நேர் எதிரில் நின்று எடுத்திருக்கிறார். படத்தின் இடது ஓரம் முழுக்க அவருடைய தோளும் செல்போனும் நிழலாக விழுந்து கிடந்தன. போரில் தப்பித்த படம் இவரிடம் மாட்டிக்கொண்டது.

"இதுல யாரும்மா அப்பா?"

"அது மாமாவுக்குத்தான் தெரியும். இப்ப உசுரோட இருக்கவங்கள்ல அவுங்க மட்டும்தான் எங்கப்பாவ நேர்ல பாத்தவுங்க."

மாமா என்றால் அவருடைய அம்மாவின் தம்பி. எண்பதைத் தொட்ட ஆள். செவ்வாய்க்கிழமை காலை மேலநீலிதநல்லூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பையில் கண்ணாடிக்கூடு. திரைக்கு முன்னால் உட்கார்ந்து, சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தா இருக்கான்லா. மீசை" என்றார்.

மீசைக்காரரின் முகத்தை வெட்டி எடுத்தேன். கட்டம் கட்டமாக இருந்த கன்னத்தைச் சரி பண்ண ராத்திரி சாப்பாடு வரைக்கும் ஆனது. புதன்கிழமை காலையில் பெரியவர் மறுபடி வந்தார்.

"வே, நான் ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். மீசை இல்ல. தொப்பி."

"அண்ணாச்சி, நேத்து அடிச்சுச் சொன்னீயளே."

"நேத்து கண்ணாடிய மறந்துட்டேன்."

"கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான இருந்தீய."

"அது பேப்பர் படிக்கிற கண்ணாடி வே."

தொப்பிக்காரரை எடுத்தேன். மதியம் போன் வந்தது. தொப்பி போட்டிருந்தால் தன் மச்சான் தலைவலி என்பார், ஆகையால் அவர் தொப்பி போட வாய்ப்பில்லை, மண்வெட்டியைப் பார் என்றார். மண்வெட்டிக்காரரின் முகத்தில் பாதிதான் வெளிச்சத்தில் இருந்தது. "அந்தப் பாதி போதும், மறு பாதிய நீரு போட்டுக்கிடும்" என்று பெரியவர் தீர்ப்புச் சொன்னார். நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

தாராவிக்காரரிடம், படத்தை ஓரமாக நின்று, நிழல் விழாமல் இன்னொரு தடவை எடுத்து, சுருங்காத மாதிரி அனுப்புங்கள் என்று விளக்கமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். அதே படம் மறுபடி வந்தது. கூடவே ரோஜாப்பூவோடு ஒரு குட் மார்னிங். அப்போது மணி சாயங்காலம் ஐந்து.

இதற்கு நடுவில் தங்கச்சியின் கொழுந்தன் களத்தில் இறங்கினார். செல்போன் கடை வைத்திருப்பவர். எதற்கும் தன்னிடம் ஒரு ஆப் இருக்கிறது என்று நம்புகிறவர். வியாழக்கிழமை மத்தியானம் தங்கச்சியையும் பெரியவரையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கே வந்து செல்போனை நீட்டினார்.

"அண்ணாச்சி மூணு நாளா செய்யாதத இது மூணு நிமிசத்துல செஞ்சிட்டுது பாருங்க."

பார்த்தேன். மீசைக்காரர்தான். ஆனால் கலரில், பளபளவென்று, சவரம் செய்த கன்னமும் முத்துப் பல்லுமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். புருவம் வரைந்த மாதிரி இருந்தது. நல்ல பனியன் விளம்பரத்துக்கு ஆகும்.

பெரியவர் உடனே, "அட, அச்சு அசல் இவன்தான். நான் மொதல்லயே சொன்னேம்லா" என்றார்.

"பாத்தீயளா மதினி" என்றார் கொழுந்தன். "இப்பமே பிரஸ்ஸுக்கு அனுப்பிருதேன்."

தங்கச்சி செல்போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் அந்தக் கன்னத்தைத் தொட்டார், படம் பெரிசானது. சந்தோஷப்படலாமா என்று அனுமதி கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நல்லாருக்காங்கல்லா?"

எனக்கு வாயைத் திறக்கவே பிடிக்கவில்லை. தலையாட்டியிருந்தால் மூன்று நாள் பாடு தீர்ந்திருக்கும். பத்திரிகை அச்சாகியிருக்கும். கொழுந்தனுக்கும் பெருமை. ஆனால் நான் பத்து வருஷமாக இந்த வேலையைக் கையால் செய்கிறவன், அந்த ஆப் என்ன செய்திருக்கிறது என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. படத்தில் அந்த ஆளுக்குக் கண் என்பது ரெண்டு கறுப்புப் புள்ளி, வாய் ஒரு கோடு. மிச்சமெல்லாம் அதுவாக இட்டுக் கட்டியது.

"இந்தப் பல்லு படத்துல கெடையாதும்மா. கண்ணும் கெடையாது. எவனுக்கோ உள்ளத எடுத்து ஒட்டிருக்கு."

"அப்பம் இது எங்கப்பா இல்லயா?"

"இது யாருமே இல்லம்மா."

கொழுந்தன் முகம் சுண்டிவிட்டது. "அண்ணாச்சிக்குத் தொழில் போயிரும்னு பயம்" என்றார். தங்கச்சி செல்போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு முந்தானையால் விரலைத் துடைத்தார். அழவில்லை. "நாளைக்கு பிரஸ்காரன் கேப்பான்" என்று மட்டும் சொன்னார்.

எனக்கு வந்த ஆத்திரம் முழுக்கப் பெரியவர் பக்கம் திரும்பியது.

"அண்ணாச்சி, நாலு பேர்ல நீங்க மூணு பேரச் சொல்லியாச்சு. இன்னும் மூட்டை தூக்குதவர் மட்டுந்தான் பாக்கி. ஒங்க மச்சான் மூஞ்சி ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா இல்லயா? ஒரு வார்த்த சொல்லுங்க."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். பேப்பர் படிக்கிற கண்ணாடியோ, எதுவோ. அதைக் கூட்டுக்குள் வைத்து மூடி, மறுபடி திறந்து, மறுபடி மூடினார்.

"இல்ல வே" என்றார். "எத்தன வருசம் ஆச்சு. ராத்திரி கண்ண மூடிப் பாக்கேன், மூஞ்சியே வரல. நான் ஒருத்தன்தான் பாத்தவன், நான் ஒருத்தன்தான் பாத்தவன்னு எல்லாரும் எம்மூஞ்சியவே பாக்குதீய. இந்தப் பிள்ளைட்ட தெரியலன்னு எப்படிச் சொல்லுதது?"

எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. கடை வாசலில் ஒரு மினி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.

தங்கச்சிதான் பெரியவர் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மூஞ்சிய விடுங்க மாமா. வேற என்ன ஞாபகம் இருக்கு? எதாவது சொல்லுங்க. என்ன செய்வாங்க, எப்படி இருப்பாங்க?"

"என்னத்தச் சொல்ல. மார்க்கெட்ல சாக்கு தைப்பான். எலுமிச்ச மூட்டை ரொப்பினதும் வாயத் தைக்கணும்லா, கோணூசி வச்சு. அதுல அவன் கெட்டிக்காரன். ஆனா அவன் பக்கத்துல ஒருத்தனும் உக்கார மாட்டான்."

"ஏன்?"

"அவன் பீச்சாங்கையால தைப்பான் மக்கா. நூல இழுக்கும்போது முழங்கை பக்கத்துல இருக்கவன் தாடைல இடிக்கும். ஊசி வேற, கண்ணுல குத்திருமோன்னு இருக்கும். அதனால இடப்பக்கம் கடேசில உக்காத்தி வச்சிருவாங்க. எல்லாரும் ஒரு வரிசைன்னா இவன் மட்டும் ஓரத்துல."

நான் திரும்பித் தங்கச்சியைப் பார்த்தேன். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருஷமாக என் வீட்டு ஜாக்கெட்டெல்லாம் அந்த இடது கை வெட்டியதுதான். வலது கைக்காரர்களுக்குச் செய்த கத்திரிக்கோல் கட்டைவிரலில் காய்ப்பு ஏற்றிவிட்டது என்று அவர் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். ராசியான வேலைக்குப் பீச்சாங்கையை நீட்டாதே என்று அவர் அம்மா அடித்த அடியையும் சொல்லியிருக்கிறார். மூன்று நாளாகக் கன்னத்தையும் மூக்கையும் நோண்டிக்கொண்டிருந்த எனக்கு, மண்மூட்டை என்றால் ஒருத்தர் அதன் வாயைத் தைத்தாக வேண்டும் என்று தோன்றவே இல்லை. நாலு பேரில் ஒருத்தர்கூடத் தைக்கவில்லையே.

படத்தை மறுபடி திறந்தேன். இடது ஓரம். தாராவிக்காரரின் தோள்நிழல். அந்த நிழலுக்கு வெளியே, ஒரு முழங்கை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. தாராவிக்காரருடைய முழங்கை என்றுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தேன்.

இந்தத் தடவை வாய்ஸ் மெசேஜ் போடவில்லை. நேராகப் போன் பண்ணி, எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையும் சொன்னேன். அவரும் நல்ல மனுஷர்தான், ஏசினால்தான் விளங்கும் ரகம். வேலையைப் போட்டுவிட்டு ரயில் பிடித்து அந்த ஹாலுக்குப் போனார். படங்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்களாம். சுவரிலிருந்து இறக்கித் தரையில் சாத்தி வைத்திருந்த சட்டத்துக்கு முன்னால் குத்தவைத்து, நான் சொன்ன மாதிரியே ஓரத்திலிருந்து பிடித்து அனுப்பினார். சாயங்காலம் ஐந்தரைக்கு வந்தது. ரோஜாப்பூ இல்லை.

ஐந்தாவது ஆள் இருந்தார். மற்ற நாலு பேரையும் விட்டுத் தள்ளி, படத்தின் ஓரத்தில், ரொப்பி வைத்த மூட்டைக்கு முன்னால் முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தார். நமக்கு முதுகுதான் தெரிகிறது. பனியனில் தோள்பட்டைப் பக்கம் ஒரு கிழிசல், கழுத்தில் துண்டு. இடது கை காதுக்கு மேலே உயர்ந்திருக்கிறது. விரலில் ஊசி, ஊசியிலிருந்து மூட்டை வாய் வரைக்கும் விறைப்பாக ஒரு நூல். முகம் ஒரு துளிகூட இல்லை.

பெரியவர் திரைக்குக் கிட்டே போய், "முழங்கையப் பாரு. எத்தன பேர் தாடைய ஒடச்ச முழங்கை" என்றார். அப்புறம் மூக்கைச் சிந்தினார்.

கோர்ட்டில் நிற்குமா என்றால் நிற்காது. பம்பாயில் சாக்கு தைத்த இடதுகைக்காரர் இன்னொருத்தர் இருந்திருக்கலாம். அதைத் தங்கச்சியிடம் சொல்ல வேண்டியது என் கடமை, சொன்னேன். அவர் கேட்ட மாதிரியே தெரியவில்லை. தன் இடது கையைத் தூக்கி, நூல் இழுக்கிற அதே உயரத்தில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதப் போடுங்கண்ணே."

"எதம்மா? முதுகையா?"

"வெட்டாண்டாம். முழுப் படமும் இருக்கட்டும்."

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடு. கொழுந்தன் ஒத்துக்கொள்ளவில்லை. "முதுகுக்காய்யா மாலை போடுதது? சம்பந்தி வீட்டுக்காரன் பாத்தா, யாரு, ஒங்க தாத்தா கோவிச்சுக்கிட்டு உக்காந்திருக்காரான்னு கேப்பான்" என்றார். பிரஸ்காரர் போன் பண்ணி, "அண்ணாச்சி, ஆள் திரும்பி இருக்காரு, சரியா அனுப்பிருக்கீயளா?" என்றார். சரியாகத்தான் அனுப்பியிருக்கிறேன் என்றால், "நேரா பாக்குத மாதிரி வேற இல்லயா?" என்றார். எனக்கு இருந்த கோபத்தில் அவரைப் பம்பாய்க்கே போய்க் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். கடைசியில் பத்திரிகையில் அம்மா படத்துக்குப் பக்கத்தில் அந்த முழுப் படமும் சின்னதாக வந்தது. அந்த அளவில் அது ஒரு தபால்தலை. உற்றுப் பார்த்தால் மூட்டைகள் தெரியும்.

அதே படத்தைப் பெரிசாகப் பிரேம் போட்டு, நானே கொண்டுபோய் அவர் வீட்டில் மாட்டினேன். அம்மா படத்துக்குப் பக்கத்தில், ரெண்டு மடங்கு அகலத்தில். ஆஸ்பத்திரி வாசலும், மூட்டைச் சுவரும், அஞ்சு ஆளும். முதல் பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்துச் சந்தனம் குழைத்து வைத்திருந்தார்கள். அப்போதுதான் அடுத்த பிரச்னை கிளம்பியது. பொட்டு எங்கே வைப்பது?

"நெத்தி இல்லயே மதினி" என்றார் கொழுந்தன். அதைச் சொல்வதற்காகவே ஒரு வாரம் காத்திருந்தவர் மாதிரி.

"அஞ்சு பேருக்கும் வச்சிரலாமா" என்றது ஒரு குரல். இன்னொரு குரல், "மத்த நாலு பேரும் உசுரோட இருந்தா என்ன செய்ய, வெளங்காமப் போயிருவாங்க" என்றது. பிரேமிலே வைத்துவிடுங்கள் என்றார் ஒருத்தர். புது பாலிஷ், கறை போகாது என்று நான் சொன்னேன். என்னை எல்லோரும் முறைத்தார்கள்.

தங்கச்சி எழுந்து வந்தார். சந்தனத்தை எடுத்து, கண்ணாடியில், அந்த உயர்ந்த கையின் மேல் ஒரு பொட்டு வைத்தார். அதன் மேல் குங்குமம். அவர் வைத்தது இடது கையால்.

"ஏட்டி, சோத்துக்கையால வை" என்று ஒரு பெரியம்மை எட்டிப் பிடிக்க வந்தார்.

"விடுங்க. அவ சரியாத்தான் வைக்கா" என்றார் பெரியவர்.

தங்கச்சி பத்திரிகையையும் அதே கையால் எடுத்துப் படத்துக்கு முன்னால் வைத்தார். மகளைக் கூப்பிட்டு, "தாத்தா, கும்பிட்டுக்கோ" என்றார். அந்தப் பிள்ளை அந்த முதுகைப் பார்த்து விழுந்து கும்பிட்டது.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பெரியவர் மட்டும் போகவில்லை. நானும் ஆணி சரியாக இருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் நின்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். தூக்கம் வந்துவிட்டதோ என்று தோளைத் தொட்டேன்.

"அதெல்லாம் சரி வே" என்றார் என்னிடம். "ஆனா இந்த மீசைக்காரன நான் எங்கயோ பாத்திருக்கேன்."

இலை போட்டாகிவிட்டது என்று அவர் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.